இஞ்சின் பக்கத்து மூலை

பஞ்சு மில் முதலாளி ஒருவர் மில்லை ஒட்டியே கருங்கல்லில் மாடி வீடு கட்டினார். வேலை முழுக்கக் கொத்தனார் ஈனமுத்துவின் பொறுப்பு.

பேச்சித்தாய் அவரிடம் பதினோரு வருஷம் கல்லும் சாந்தும் சுமந்தவள். சுமந்துகொண்டே தொழிலையும் படித்துக்கொண்டாள். வீட்டில் மில் இஞ்சின் ஓடுகிற பக்கத்து மூலையைக் கட்ட ஈனமுத்து அவளிடம் கொடுத்தார். முதலாளிக்கு மனசே இல்லை. ஒரு விரல் சாய்ந்தாலும் பிரித்துப் போடுவேன், அவளும் பழையபடி சாந்துச் சட்டி சுமக்கத்தான் போகணும் என்று சொல்லிவிட்டார். மற்ற கொத்தனார்கள் காலிச் சட்டியை அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

மூலை நேரா என்று பார்க்க நூலில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டாள். இஞ்சின் ஓடுகிற அதிர்வில் அது ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக ஒரு கல்லும் வைக்க முடியவில்லை.

ஈனமுத்துவிடம் போனாள்.

"மில்லை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க, அண்ணாச்சி."

அவர் போய்க் கேட்டார். எங்கம்மா செத்த அன்னைக்கே நிறுத்தலை, ஒரு மூலைக்கா நிறுத்துவேன் என்றாராம் முதலாளி.

"அப்போ நான் எப்படிக் கட்டுறது?"

ஈனமுத்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து நூலுக்கு நேர் கீழே வைத்தார். குண்டு தண்ணீருக்குள் முழுகியது. கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு நின்றது.

பேச்சித்தாய் கல்லை எடுத்தாள்.

கீழ்வீடு முடிந்த அன்று, மூலையைச் சோதிக்க முதலாளி வெளியூர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் உச்சியிலிருந்து குண்டை இறக்கினார். ஆடியது. கையால் பிடித்து நிறுத்தினார், விட்டார், மறுபடியும் ஆடியது. வேர்த்துப்போய், மில்லை நிறுத்தினால்தான் பார்க்க முடியும் என்றார்.

பேச்சித்தாய் வாளியைக் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுல விட்டுப் பாருங்கய்யா."

குண்டு நின்றது. உச்சியில் நூலுக்கும் கல்லுக்கும் எவ்வளவு இடைவெளியோ, அடியிலும் அவ்வளவுதான். வந்தவர் மூன்று தரம் அளந்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நூல் பிசகலைங்க. யாரு கட்டுனது?"

சட்டி வைத்துச் சிரித்தவர்கள்தான் முதலில் அவளைக் காட்டினார்கள். மாடிக்கு நாலு மூலையும் அவளே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி மில்லுக்குள் போனார்.

பேச்சித்தாய் தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். காலுக்கடியில் தரை அப்போதும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"மில்லு கடைசி வரைக்கும் நிக்கவே இல்லையே, அண்ணாச்சி."

"குண்டு நின்னுச்சுல்ல, தாயி?" என்றார் ஈனமுத்து.