3,65,365 வில்வ இலைகள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சம்பந்தியம்மா லோகநாயகி. மூத்தவள் கல்யாணம் முடிந்த மறுவாரம், பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு நடந்து போகையில் சொன்னார்.

வெகுகாலத்துக்கு முன் பொன்னரளி நாட்டைச் சித்திரசேனன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், காலையில் எடுத்த முடிவு மத்தியானம் வரை இருக்காது, அவ்வளவுதான். அவனுக்கு ஒருமுறை பல்வலி வந்தது. வலி போனால் நாட்டிலுள்ள ஏழு சிவன் கோயிலுக்கும் வில்வ அர்ச்சனை செய்வதாக வேண்டிக்கொண்டான். பல் விழுந்தது. வலியும் போனது.

"வருகிற திருவிழாவுக்கு வில்வ இலை 365!" என்றான் சபையில்.

ராஜா ஒரு எண்ணைச் சொன்னால் கட்டியக்காரன் அதை உரக்க இன்னொருதரம் சொல்வது அங்கே வழக்கம். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த எழுத்தர் நல்லபெருமாளுக்கு அது தெரியாது. ராஜா சொன்ன 365-ஐ எழுதினார். கட்டியக்காரன் சொன்ன 365-ஐயும் பக்கத்திலேயே எழுதினார். ஓலையில் 3,65,365 ஆகிவிட்டது. முத்திரையும் விழுந்துவிட்டது. முத்திரை விழுந்த ஓலையை ராஜாவே நினைத்தாலும் திருத்த முடியாது.

நல்லபெருமாளை வேலைக்கு வைத்தவர் மந்திரி கூத்தபிரான். மந்திரியைக் கண்டாலே ஆகாதவர் அரண்மனைச் சோதிடர் சபாநாதர். அவர் எழுந்தார்.

"மகாராஜா, ஏழு கோயில். கோயிலுக்குப் பதினோரு குருக்கள். பதின்மூன்று நாள் திருவிழா. ஒவ்வொரு குருக்களுக்கும் தினமும் ஒரே அளவு இலை போகவேண்டும். ஒன்று மிஞ்சினாலும் தெய்வக்குற்றம். இந்தக் கிறுக்கல் எங்கே சமமாகப் பிரியப்போகிறது?"

"மிஞ்சினால் எழுத்தரின் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள்" என்றான் ராஜா.

நல்லபெருமாள் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார்.

"மிஞ்சாது மகாராஜா" என்றார் மந்திரி. "ஆளுக்கு, நாளுக்கு 365 இலை. கச்சிதமாக வரும்."

"வகுத்தே பார்க்கவில்லையே ஐயா நீர்!" என்றார் சோதிடர்.

"எதற்கு? 365-க்குப் பக்கத்தில் இன்னொரு 365 எழுதினால் முன்னால் இருப்பது ஆயிரம் மடங்காகிறது. ஆயிரம் 365, கூட ஒரு 365. ஆக ஆயிரத்தொரு 365. ஏழையும் பதினொன்றையும் பெருக்கினால் எழுபத்தேழு. அதைப் பதின்மூன்றால் பெருக்கினால் ஆயிரத்தொன்று. ஆளுக்கு, நாளுக்கு ஒன்றாகத் திருவிழாவில் நடப்பதும் ஆயிரத்தொரு பூசை. மகாராஜா முதலில் சொன்ன வெறும் 365-ஐ ஏழு கோயிலுக்குப் பிரித்திருந்தால்தான் ஒரு இலை மிஞ்சியிருக்கும்."

ராஜா கூரையைப் பார்த்தான். "அப்படியானால் 412?"

"இரண்டுதரம் எழுதினால் 4,12,412. பூசைக்கு 412."

"குருட்டு அதிர்ஷ்டம்!" என்று கத்தினார் சோதிடர். "நான் சொல்கிறேன், 999! இதைப் பிரியும் பார்ப்போம்!"

"பூசைக்கு 999" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு அந்த எண் பிடித்துவிட்டது. "365 கொஞ்சம் குறைச்சலாகத்தான் இருக்கிறது. சோதிடர் பெயரிலும் ஒரு அர்ச்சனை நடக்கட்டும். 999!"

"999!" என்றான் கட்டியக்காரன்.

நல்லபெருமாள் விரலை நீட்டி, புது ஓலையில் இரண்டையும் சேர்த்தே எழுதினார். 9,99,999.

"பறிப்பது யார்?" என்று கேட்டார் மந்திரி.

"யார் பெயரில் அர்ச்சனையோ அவர்தான் பறிக்கவேண்டும்" என்றான் ராஜா. "என் பங்கை நாளை பறிக்கிறேன். சோதிடரே, நீங்கள் இன்றே ஆரம்பித்துவிடுங்கள். வில்வத்தில் முள் இருக்கும், பார்த்து."

கதை இவ்வளவுதான். எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு பாதியில் நின்றுபோகும். அந்தக் கடைசி எண்ணை மட்டும் யாராவது ஒருதரம் வகுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.