உப்பு என்று அழைத்த ஈசன்

கழிமேட்டு ஈசனுக்கு ஆட்பட்ட செம்பாயியார் உப்பு விற்றுப் பிழைத்தவர். விடிந்ததும் உப்பளத்துக்குப் போய்க் கூடை நிறைய உப்பைத் தலையில் சுமந்து வருவார். "உப்போ... உப்பு!" என்று முதல் வீட்டு வாசலில் அவர் கூவினால், கடைசி வீட்டுக் கொல்லையில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் கேட்கும். "உப்பு! இங்க வா!" என்று உள்ளிருந்து கூப்பிடுவார்கள். அந்த ஊரில் தெருவில் விற்பவர்களுக்குத் தனியாகப் பேர் கிடையாது, சுமந்து வரும் பொருள்தான் பேர். "இதோ வந்துட்டேன் தாயி!" என்று இவரும் ஓடுவார்.

கூடையில் முதல் பிடி உப்பு ஈசனுடையது. அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, மாலைப் பூசைக்குப் போகும்போது மடைப்பள்ளியில் கொடுப்பார். பிறகு மண்டபத்தின் கடைசித் தூணருகே நின்று பாடுவார். ஈசன் காதில் தன் குரல் விழவேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. ஆனால் தெருத்தெருவாகக் கூவிய தொண்டை ஆயிற்றே! பழக்கதோஷத்தில் "சிவனோ... சிவன்!" என்றுதான் வந்து விழும்.

ஒருநாள் பாட்டுக் குழுவின் தலைவரான தாண்டவ தேசிகர் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன செம்பாயி, சாமியையும் கூடையில வச்சு விக்கிறியா? படி என்ன விலை?"

மண்டபமே சிரித்தது. தேசிகர் விடவில்லை. "நாளையிலேருந்து வாய மட்டும் அசை. சத்தம் வரப்படாது."

அடடா, குரலென்ன தேசிகர் வீட்டுச் சொத்தா? ஆனால் செம்பாயியார் வெட்கத்தால் குன்றிப் போனார். குற்றம் தன் தொண்டையில்தான் என்று நம்பினார். வெந்நீரும் அதிமதுரமுமாகக் குடித்தார். தேசிகர் போலவே கண்ணை மூடி, குரலை மெல்லிசாக இழுத்துப் பழகினார். ஒரு மாதம் இப்படியே போயிற்று.

விளைவு என்ன தெரியுமா? தெருவிலும் அந்த மெல்லிய குரலே வந்தது. கதவுகள் திறக்கவில்லை. நிறைந்த கூடை நிறைந்தபடியே திரும்பியது. மேலத்தெரு அம்மாள் ஒருத்தி எதிர்ப்பட்டு, "நீதானா கூவுனது? யாரோ பூ விக்கிறாளாக்கும்னு நான் பேசாம இருந்துட்டேன். குழம்புக்கு உப்பில்லாம தவிச்சுப் போயிட்டேன் போ!" என்று கடிந்துகொண்டாள்.

செம்பாயியாருக்குச் சுருக்கென்றது. தெருவில் இருப்பவளுக்கே அடையாளம் தெரியாத குரலில் கூப்பிட்டால் ஈசனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? கூடையை இறக்கி வைத்துவிட்டு, கோபுரம் இருந்த திக்கைப் பார்த்து நின்றார்.

"கேக்குற காது உன்னுது. குடுத்த தொண்டையும் உன்னுது. நடுவுல எனக்கு என்னய்யா வெக்கம்? இனிமே இந்தக் குரல்லதான் கூப்பிடுவேன்."

சொன்னபடியே அன்று மாலை தூணருகே நின்று வாய்விட்டுப் பாடினார். சிரித்தார்கள், பாடினார். முகம் சுளித்தார்கள், அப்போதும் பாடினார். சில நாளில் சிரித்தவர்களுக்குத்தான் அலுத்துப் போயிற்று.

பங்குனி உத்திரம் வந்தது. வெளியூர்களிலிருந்து கூட்டம் கூடியிருந்தது. தேசிகர் வாசலிலேயே அவரை மறித்தார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது என் மானத்த வாங்காத. போயிடு."

"போறேன் சாமி. ஆனா கூப்பிடாம போகமாட்டேன்."

தேசிகர் பெரிய கதவைச் சாத்தித் தாழிட்டார். ஈசனுக்கான உப்பு செம்பாயியாரின் முந்தானையிலேயே தங்கிவிட்டது.

உள்ளே தேசிகர் குழு தேனாகப் பாடி முடித்தது. நைவேத்தியம் ஆகி, குருக்கள் எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தார். வாயில் வைத்தவர்கள் விழித்தார்கள். துளி உப்பில்லை! உப்புப் போட்டேன் என்று மடைப்பள்ளிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். கையோடு இன்னும் இரண்டு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினார்கள். அப்போதும் சப்பென்றுதான் இருந்தது.

வெளியே செம்பாயியார் மூடிய கதவுக்கு எதிரே காலை ஊன்றி நின்றார். யாருடைய குரலும் கலவாத தம் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

"சிவனோ... சிவன்!"

கோயில் மணிகள் அதிர்ந்தன. அந்த அதிர்வு அடங்கும் முன்னே கருவறைக்குள்ளிருந்து, மேலத்தெரு வீடுகளில் கூப்பிடுவது போலவே ஒரு குரல் எழுந்தது.

"உப்பு! இங்க வா!"

உள்ளே குருக்களும் இல்லை, ஒருவரும் இல்லை. கூட்டம் உறைந்து நின்றது. தாழ் தானே விழுந்து கதவு திறந்தது. செம்பாயியாரோ, எத்தனையோ வருஷத்துப் பழக்கம், "இதோ வந்துட்டேன் தாயி!" என்று கூவிக்கொண்டு ஓடினார். பாதி மண்டபம் கடந்த பிறகுதான் யாரைத் தாயி என்றோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சன்னிதியில் விழுந்தார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் கொடுத்த உப்பு விழுந்ததும் பொங்கல் மணந்தது. தேசிகர் கைகூப்பி வந்தார். "இத்தனை வருஷம் பாடுறேன் அம்மா, என்னை ஒரு நாளும் அவர் கூப்பிட்டதில்லை. நீங்க எடுத்துக் குடுங்க, நாங்க பின்னால பாடறோம்" என்றார். செம்பாயியார் எழுந்து நின்று, கரகரத்த தொண்டையை ஒரு முறை கனைத்துக்கொண்டு, "சிவனோ..." என்று தொடங்கினார்.

தாயி என்று தவறிக் கூப்பிட்டதற்கும் ஈசன் தாயாகவே நின்றான். அவனையே பதில் குரல் கொடுக்கவைத்த செம்பாயியாரின் குரலுக்கு அடியேனின் வணக்கம்.