சேதாரம் போக மிஞ்சிய காற்று

சீனித்தாயின் மாவு மில்லில் எதை அரைத்தாலும் கொஞ்சம் மெஷினுக்குள்ளேயே தங்கிவிடும். அதற்குச் சேதாரம் என்று பெயர். இரண்டு கிலோ மிளகாய் கொண்டுவந்தவர் இரண்டு கிலோ தூளை எதிர்பார்க்க மாட்டார். ஓய்வுபெற்ற லைன்மேன் தவசிலிங்கத்தின் பேச்சுக்கும் தெருக்காரர்கள் அதே வழக்கத்தைத்தான் வைத்திருந்தார்கள். அளவு மட்டும் வேறு. பத்துப் பாம்பு பார்த்தேன் என்று அவர் சொன்னால் சேதாரம் ஒன்பது போக, மிஞ்சிய ஒன்றும் ஓணானாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அன்று காலை சண்முகையா மல்லியும் மிளகாயும் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனது சாம்பார்ப் பொடிக்காக மட்டும் இல்லை. ஆடி பிறந்ததிலிருந்து கோவில்பட்டிக் கரிசல் தூசி முழுவதும் அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டது. மனைவி பூரணத்துக்கு இளைப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள். மருந்து ஒரு பக்கம் நடக்கிறது. ஏர் பியூரிஃபயர் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். பஜாரில் ஒரு கடையில் ஆடித் தள்ளுபடியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றார்கள். அது வேலை செய்யுமா, இல்லை, வெறுமனே விளக்கெரிகிற டப்பாவா? அதைச் சொல்லக்கூடிய ஆள் தெருவில் ஒருவர்தான். அந்த மெஷின் இருப்பது தவசிலிங்கம் வீட்டில். சண்முகையாவின் நேரம் அப்படி.

மில்லில் கோதுமைக்கு அப்புறம்தான் மிளகாய். தபால்காரராக இருந்து ரிட்டயரான கோயில்பிச்சை கோதுமையோடு முன்னால் நின்றார். தவசிலிங்கம் எதையும் அரைக்க வரவில்லை. கேட்க ஆள் இருக்கும் இடம் என்று வந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்ல காத்து மெஷின் வாங்கிருக்கீகளே, அது நெசமாவே தூசிய எடுக்குதா?" என்றார் சண்முகையா.

"எடுக்குதாவா?" தவசிலிங்கம் காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"போச்சு. இன்னிக்கு அரைச்ச மாதிரிதான்" என்று சீனித்தாய் முணுமுணுத்தாள்.

"ஆடி ஒண்ணாந்தேதி சுவிச்சப் போட்டேன் சண்முகையா. இழுத்துச்சு பாரு ஒரு இழுவ! சுவத்துல தொங்குன காலண்டர் படபடன்னு கிழிஞ்சு, ஆடி போயி, ஆவணி போயி, ஐப்பசில வந்து நின்னுச்சு. சரின்னு அன்னைக்கே எண்ணெ தேச்சுக் குளிச்சி தீவாளி கொண்டாடிட்டோம்."

"எதுத்த வீடு எனக்கு. வெடிச் சத்தமே கேக்கலியே?" என்றார் கோயில்பிச்சை.

"எப்பிடிய்யா கேக்கும்? புகையோட சத்தத்தையும் சேத்துல்ல உள்ள இழுத்துருச்சு."

சண்முகையா பொறுமையாகக் கேட்டார். "அது இருக்கட்டும் அண்ணாச்சி. இந்தக் கரிசத் தூசிக்கு அது தாங்குமா?"

"தாங்குமாவா! எட்டாம் நாளு பின்பக்கத்தைத் தெறந்தேன். மூணு மூட்ட கரிச மண்ணு! அப்பிடியே மொட்டமாடில பரப்பி பருத்தி வெதச்சேன். மெஷின் விட்ட காத்துக்கு ஏழே நாள்ல காய் வெடிச்சிருச்சு. இந்தா கட்டிருக்கேனே இந்த வேட்டி, அந்தப் பருத்தியில நெய்ஞ்சதுதான்."

"வேட்டிக் கரையில கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே அண்ணாச்சி?" என்றார் கோயில்பிச்சை.

"அது செடியிலயே ஒட்டிட்டுத்தான் வந்துச்சு."

கோதுமை மாவு பறந்து நான்கு பேர் தலையும் நரைத்துக்கொண்டிருந்தது. சண்முகையா கழித்துப் பார்த்தார். மூன்று மூட்டையில் சேதாரம் போக ஒரு பிடி மண்ணாவது தேறுமா? தேறவில்லை. பூரணம் இந்நேரம் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள்.

"கரண்டு போனா என்ன பண்ணும் அண்ணாச்சி?" கோயில்பிச்சை விடுவதாயில்லை.

"மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கும். போன செவ்வாக்கெழம நாலு மணி நேரம் நின்னுச்சு. கரண்டு வரவும் விட்டுச்சு பாரு ஒரு பெருமூச்சு, மாடத் தெருவுல காயப்போட்ட வத்தல் பூரா எட்டயபுரத்துல போயி விழுந்துச்சு. இன்னொண்ணு கேளு. எங்க வீட்டுக்காரி திட்டுனா இப்ப எங்காதுக்கு வாரதே இல்ல. வாய விட்டு வெளிய வாரதுக்குள்ள மெஷின் வாங்கிக்கிடுது. உள்ள போறது 'வெளங்காத மனுசா'. மறுபக்கம் வாரது 'சாப்பிட வாங்க'."

"அக்காவ நேத்து ரேசன் கடையில பாத்தேன். மெஷின் போயி அங்கிட்டு நிக்கலியே, நல்லாத்தான் திட்டுனாக" என்றாள் சீனித்தாய். கோதுமையை முடித்துவிட்டு மிளகாயைக் கொட்டினாள். நெடி எழும்பியது. நான்கு பேரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"எம் மெஷின் மட்டும் இங்க இருந்தா," தவசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "நீ போடுற மொளகா கல்கண்டால்ல வந்து விழும்!"

சண்முகையா ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்றும் தெரியாத முகமாக வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் வாங்கவே வேண்டாம் அண்ணாச்சி. இம்புட்டு வேகம் உள்ளது தெருவுக்கு ஒண்ணு போதும். பூரணத்த இன்னைக்குச் சாயங்காலமே ஒங்க வீட்டு ஹால்ல கொண்டாந்து விட்டுர்றேன். தொணைக்கு எங்க மாமியாரும் வருவாக. ஆடி கழியவும் கூட்டிக்கிடுறேன்."

தவசிலிங்கம் மூட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில்பிச்சை ஆச்சரியத்தில் தும்மக்கூட மறந்துவிட்டார்.

"ஹால்லயா?" என்றார் தவசிலிங்கம்.

"ஹால்லதான். மூணு வாரமா படுக்க முடியாம உக்காந்தே தூங்குறா. ஒங்க மெஷின் பக்கத்துல காலை நீட்டிப் படுக்கட்டும்."

"தங்கச்சி உக்காந்தேவா தூங்குது?"

"ஆமா."

தவசிலிங்கம் சம்மணத்தைப் பிரித்துக் காலைக் கீழே போட்டார். சீனித்தாய் மோட்டாரை நிறுத்தினாள்.

"ஹால்ல வேண்டாம்ப்பா" என்றார் தவசிலிங்கம். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ஹால்ல அது ஒண்ணும் கிழிக்காது. தெருக்கதவு தெறந்தே கெடக்கும்ல. சின்ன ரூமா இருக்கணும். கதவு சன்னலச் சாத்திட்டு, படுக்கதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஓடவிடணும். எம் மருமகளுக்கு விடியக்காலம் பத்துத் தும்மல் வரும். இப்ப அஞ்சு வருது. அம்புட்டுத்தான். உள்ள இருக்க சல்லடைய அப்பப்ப மாத்தணும், மாத்தலன்னா அது வெறும் ஃபேன். மருந்தயும் நிப்பாட்டிராத."

சண்முகையா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பத்து அஞ்சானது... சேதாரம் போகவா அண்ணாச்சி?"

"கழிச்சாச்சுப்பா" என்றார் தவசிலிங்கம், தலையைக் குனிந்துகொண்டு. "எல்லாத்தையும் கழிச்சிட்டுத்தான் சொல்றேன்."

சண்முகையா அதற்குமேல் நிற்கவில்லை. பொடியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சீனித்தாயிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினார். பாதித் தும்மல் போதும். பாதி ராத்திரியாவது படுப்பாள்.

அவர் மில் வாசலைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். பின்னால் தவசிலிங்கத்தின் பழைய குரல் திரும்பிவிட்டது.

"ஆமா, அந்தக் கொறஞ்ச அஞ்சு தும்மலும் எங்க போச்சுன்னு யாரும் கேக்க மாட்டீகளா?"

"கேக்க மாட்டோம்" என்று சொல்லிச் சீனித்தாய் மோட்டாரைப் போட்டாள்.