சான்ஸ் இருக்குதுங்களா அம்மா?

"அம்மா, எனக்கு ஒரு சான்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

பாவாயி அம்மாள் கரிபிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய் நார் உரசும் சத்தம் மட்டும் வந்தது.

காலையிலிருந்து இதே கேள்வி.

குரு பாவாயி அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தியவர், மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். குருவே அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள்.

காவிரிக் கரையில் இருந்த அந்த மடத்துக்குக் கடவுளைத் தேடி வந்ததாகச் சொல்லாதவர் எவருமில்லை. கடவுளைப் பற்றிக் கேட்டவர்தான் எவருமில்லை.

சென்னியப்பனின் கேள்வி அக்கரையில் இருந்தது. மகள் மேகலா அங்கே இருக்கிறாள். அவர் விரும்பாத கல்யாணம். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. நாளை விடிந்தால் புருஷனோடும் குழந்தையோடும் நியூசிலாந்துக்குக் கிளம்புகிறாள். அங்கேயே தங்கிவிடப் போகிறார்களாம்.

பாலம் எங்கோ தொலைவில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் பரிசலும் கிடையாது.

போவதென்றால் இன்றைக்கே போக வேண்டும். இவரோ அண்டாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"அதென்ன சான்ஸு?" அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "காலையில இங்கிலீசுல என்னமோ முழுசாச் சொன்னீங்களே."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. பாடம் நடத்தச் சொன்னால் அவருக்குப் பசிகூட எடுக்காது.

"டூ ஐ ஸ்டாண்ட் எ சான்ஸ். அதுல ஒரு விசேசம் பாருங்கம்மா. அதை நேராச் சொல்றது கம்மிங்க. ஒண்ணு, இல்லைன்னு சொல்றப்ப வரும். இல்லாட்டி, கேள்வியா வரும். இப்படிப் பண்ணினா ஒருவேளைன்னு இழுக்கறப்பவும் வரும். எனக்கு இருக்குதுன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்றதுக்கு அதை யாரும் அவ்வளவா எடுக்கறதில்லீங்க."

"யாரு சொல்லுவாங்க?"

"எல்லாருந்தானுங்க."

"யாருன்னு கேட்டேன்."

"எலக்சன்ல சுயேச்சையா நிக்கறவனைப் பாத்துச் சொல்லுவாங்க. டெபாசிட்டே தேறாது, அவனுக்கு சான்ஸ் இல்லைன்னு."

"அந்தச் சுயேச்சையா சொல்லுவான்?"

"அவனுக்கு ஏதுங்க நேரம்? அவன் வெயில்ல கும்புட்டுக்கிட்டு வீடு வீடாப் போறான். டீக்கடையில உக்காந்திருக்கறவன் சொல்லுவான்."

"அப்புறம்?"

"சேவக்கட்டுல நோஞ்சான் சேவலைப் பாத்துச் சொல்லுவாங்க."

"சேவலு சொல்லுமா?"

"சேவலு எப்படீங்க சொல்லும்? சுத்தி நிக்கறவன் சொல்றான்."

அண்டாவிலிருந்து தலை வெளியே வந்தது. கன்னமெல்லாம் கரி.

"நீங்க யாரைப் பாத்துச் சொன்னீங்க?"

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்பிள்ளையைப் பாத்துங்க." அந்த முறையைச் சொல்லி அவர் அந்தப் பையனைக் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வீட்டுக்கே வந்து பொண்ணு கேட்டான். வேற சாதி. எனக்கு வந்துது பாருங்க கோவம். உனக்கு சான்ஸே கிடையாதுன்னு இங்கிலீசுலயே சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. கும்புட்டுட்டு எந்திரிச்சுப் போனான்."

"போயி?"

"அடுத்த மாசம் கல்யாணம் கட்டிக்கிட்டான்."

பாவாயி அம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது, பாவம்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாஞ் சரிங்கம்மா. எனக்கு சான்ஸ் இருக்குதுங்களா?"

தேங்காய் நார் பறந்து போய்ச் சுவரில் விழுந்தது.

செவிடன் காதில் சங்கு ஊதுவது எவ்வளவோ மேல். செவிடன் திரும்ப அதே கேள்வியைக் கேட்கமாட்டான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒரு தடவை பூக்கட்டிப் பாத்துரலாமுங்களா?"

ஊர் வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் என்று கட்டிச் சாமி முன்னால் போட்டு, கைக்கு வருவதை உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள். பாவாயி அம்மாளுக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. இருந்தும் எழுந்து போய் இரண்டு நிறத்திலும் அரளி பறித்துவந்தாள். பூவரச இலையில் கட்டிப் பிள்ளையார் முன்னால் போட்டாள்.

"வெள்ளை வந்தாப் போறதுங்க" என்றார் சென்னியப்பன்.

எடுத்தார். வெள்ளை.

"எந்திரிங்க, கிளம்புங்க."

"ஒரு தடவை பாத்தாப் பத்தாதுங்களே."

மறுபடி கட்டினாள். மறுபடி எடுத்தார். மறுபடியும் வெள்ளை.

சென்னியப்பன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வெச்சுக் கட்டீட்டீங்களோ?"

"பிரிச்சுப் பாருங்க."

இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு அரளி.

அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

"சாமி சொல்லிப்போடுதுங்க" என்றார் அவர். "அந்தப் புள்ள என்ன சொல்லுமோ?"

பாவாயி அம்மாள் பிள்ளையாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நீயே பார்த்துக்கொள் என்பது மாதிரி இருந்தது.

"கதவைச் சாத்திப்போட்டா என்ன பண்றது?" என்றார் சென்னியப்பன். "எம் பேரன் வாசல்ல வந்து நீங்க யாருன்னு கேட்டுட்டா? நான் என்னன்னு சொல்றது? பயமா இருக்குதும்மா."

சொல்லிவிட்டுத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டாள்.

"வாத்தியாரே, பழனிப் பக்கம் பெரிய பெரிய மடமெல்லாம் இருக்குது. ஓட்டை அண்டாவும் ஒழுகற கூரையுமா இருக்கற இந்த மடத்துக்கு ஏன் வந்தீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்தியானா துறையில உக்காந்து ஜெபம் பண்றீங்க. கண்ணை மூடிப் பண்ணி நான் ஒரு நாளும் பாத்ததில்லை."

"இங்கிருந்து பாத்தா..." என்று இழுத்தார். "அவங்க வீட்டு ஓடு தெரியும்ங்க."

கீழே துறையிலிருந்து பரிசல்காரரின் குரல் வந்தது. "அக்கரைக்கு ஆளு இருக்குதா? இதான் கடைசி!"

சென்னியப்பன் துறைப் பக்கம் பார்த்தார். குருவின் பக்கம் திரும்பினார். உதடு அசைந்தது. என்ன கேட்கப் போகிறார் என்று பிள்ளையாருக்கும் தெரிந்திருக்கும்.

"கேக்காதீங்க!" பாவாயி அம்மாள் எழுந்தே விட்டாள். "இன்னொருக்கா அந்தக் கேள்வியக் கேட்டீங்கன்னா நானே ஆத்துல குதிச்சுருவேன். நேத்து அக்கரைக்குப் போனனா? அங்க துறையில உங்க பொண்ணு என்னையப் புடிச்சுக்கிட்டுது. என்ன கேட்டுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

சென்னியப்பனும் எழுந்து நின்றார்.

"எங்கப்பாகிட்ட எனக்கு சான்ஸ் இருக்குதுங்களாம்மான்னு கேக்குது! அந்தக் கரையில ஒண்ணு, இந்தக் கரையில ஒண்ணு. எங்காது ரெண்டும் புண்ணாப் போச்சு. அப்பாகிட்டச் சொல்லீராதீங்கன்னு சத்தியம் வேற வாங்கிக்கிச்சு. இப்ப அந்தச் சத்தியமும் போச்சு."

"நீங்க..." அவர் ஓரடி முன்னால் வந்தார். "நீங்க அதுக்கு என்னம்மா சொன்னீங்க?"

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உங்கப்பன் வந்துருவாருன்னு சொல்லிப்போட்டேன்."

"எப்படீங்கம்மா அப்படிச் சொன்னீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?"

"அந்தப் புள்ள மொகத்தைப் பாத்தேன், வாயில வந்துது, சொல்லிப்போட்டேன். அந்நேரத்துல இருந்து எனக்குத் தூக்கமில்ல. அது துறையில வந்து நிக்கும். பரிசல்ல யாரும் வரமாட்டாங்க. சாமியாருன்னு பேரு வெச்சுக்கிட்டு ஒரு புள்ளைய ஏமாத்துனவளா ஆயிருவேன்."

கரிக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க வாத்தியாரே. எனக்கு சான்ஸ் இருக்குதா?"

சென்னியப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

கீழே பரிசல் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

"இருப்பா! இன்னும் ஒரு ஆளு இருக்குது!" என்று கத்தியபடி அவர் படித்துறையில் இறங்கி ஓடினார்.