மெஷினுக்கு மறதி வந்த கதை

ரொம்ப காலத்துக்கு முன்னால் இல்லை, போன ஆடியில்தான், கோயமுத்தூரில் ஒரு பட்டறை இருந்தது. பட்டறைக்குள் ஒரு சிஎன்சி மெஷின் இருந்தது. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல இரும்பைக் கடைகிற மெஷின். ஒரு திங்கட்கிழமை காலையில் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

திரையில் சிவப்பாக ஒரே வரி. மெமரி எரர்.

அதை ஓட்டுகிறவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து நாலு. முப்பது வருஷம் கை லேத்தில் நின்றவர், இதில் நின்று மூன்று மாதம்தான் ஆகிறது. கற்றுக்கொடுத்தவர் சர்வீஸ் இன்ஜினியர் வசுமதி. வயது இருபத்தொன்பது. நாச்சிமுத்து அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

தகவல் போய், வசுமதி வந்தார். முதலாளி போனும் கையுமாக நின்றார்.

"மெஷினோட சர்க்யூட் போர்டு போயிருச்சுங்களா? சொன்னீங்கன்னா இப்பவே ஆர்டர் போட்டுர்றேன். வர மூணு வாரமாகும். அது வந்தாலும் இவரை இதுல நிறுத்தறதா இல்லைங்க. கண்ணாடியை நெத்தில வெச்சுட்டு ஊரெல்லாம் தேடற மனுசன். இவருகிட்ட இருந்தா மெஷினுக்கும் மறதி வராம என்ன செய்யும்?"

நாச்சிமுத்து நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வசுமதி மெஷினைத் தொடவில்லை.

"அண்ணா, கடைசியா என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க டீச்சர்."

"ஒண்ணுமேவா?"

"பேட்டரி தீரப்போகுதுன்னு காமிச்சுது. புதுசு போட்டேன். அவ்வளவுதானுங்க."

"புதுசு போட்டும் மறந்திருச்சுன்னா போர்டாத்தான் இருக்கும்" என்றார் வசுமதி.

முதலாளி நம்பரை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது நாச்சிமுத்துவுக்கே கேட்டது. ஒன்று. இரண்டு.

"போனை வையுங்க மொதலாளி. மெயினை ஆஃப் பண்ணிட்டு மாத்துனேனுங்க."

"ஏண்ணா?" என்றார் வசுமதி.

"முப்பது வருசமா கரண்டை நிறுத்தாம எதுலயும் கை வெச்சதில்லீங்க. நீங்க சொல்லிக்குடுத்தது, பழசைக் கழட்டுனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

வசுமதி முதலாளி பக்கம் திரும்பினார்.

"கரண்டு இருக்கறப்ப மெமரியைக் கரண்டு காப்பாத்துமுங்க. இல்லாதப்ப பேட்டரி. அண்ணன் ரெண்டையும் ஒண்ணா எடுத்துட்டாரு. போர்டு நல்லாத்தான் இருக்கும். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

பேனல் கதவின் உள்பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள், மெஷின் வந்த நாளில் எழுதி வைத்த அதன் செட்டிங் எண்கள் இருந்தன. வசுமதி வாசித்தார். நாச்சிமுத்து ஒற்றை விரலால் அடித்தார். நானூற்றுச் சொச்சம் எண்கள். டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது.

"ஏழா, ஒண்ணா?"

"உங்க கையெழுத்துத்தானுங்க டீச்சர்."

"அப்ப ஏழு."

சாயங்காலம் மெஷின் ஒரு பம்ப் ஷாஃப்டைக் கடைந்து கொடுத்தது. நாச்சிமுத்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். சரியாக இருந்தது. முதலாளி தூர நின்று பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போனார்.

வசுமதி பையை எடுத்தார்.

"டீச்சர், நானே கேட்டு பழைய லேத்துக்குப் போயிரட்டுமுங்களா? முப்பது வருசப் பழக்கம். இந்த வயசுல போய் மாத்திக்க முடியுமுங்களா?"

"பேட்டரியை எப்ப மாத்தணுமுங்கண்ணா?"

"மெஷின் ஆன்ல இருக்கறப்ப."

"நீங்க ஆன்லதானே இருக்கீங்க?"

வசுமதி செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.