கீரிக்காசும் மயில்முகத் தோணியும்

கப்பலுக்குக் காற்றை விட்டால் வேறு கதி இல்லாத காலத்தில், வெண்சங்குப் பட்டினம் என்ற துறைமுகத்தில் திருமேனிச் செட்டியார் என்று ஒரு மிளகு வியாபாரி இருந்தார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கேளுங்கள், அந்த நினைப்பு எப்படிக் கவிழ்ந்தது என்று.

செட்டியாருக்கு ஒரே ஒரு கிறுக்கு. உருசியா என்று ஒரு தேசம் இருக்கிறதே, வடக்கே, வடக்கே, இன்னும் வடக்கே; மூச்சு விட்டால் மீசையில் பனி உறையும் தேசம். அந்த ஊர்ச் செம்புக்காசு என்றால் அவருக்கு உயிர். நம் ஊர்க் காசு போலப் பொடிக்காசு இல்லை அது. சின்ன அதிரசம் அளவு இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் கை தாழும்.

முதல் காசில் ஈட்டி பிடித்த குதிரைவீரன் இருந்தான். பசியோடு வந்த ஒரு மாலுமிக்குச் சோறு போட்டபோது அவன் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டாவது காசில் இரண்டு தலைப் பறவை இருந்தது. அதற்குச் செட்டியார் தன் வண்டிமாடு இரண்டையும் கொடுத்தார். மாடு போன பிறகு வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோழி அடைத்தார்கள்.

மூன்றாவது காசு ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். கீரி போல இரண்டு பிராணிகள் எதிரும் புதிருமாக நிற்கும் காசு. கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் காசோடு ஒரு உருசிய மாலுமி பட்டினத்தில் வந்து இறங்கினான். ஊர் திரும்ப வழிச்செலவுக்கு வேண்டும் என்று அதை ஏலத்தில் விட்டான்.

செட்டியாரின் மனைவி உலகம்மை காதிலும் சேதி விழுந்தது. "என்னங்க, முதல் காசு சோத்தோட போச்சு. ரெண்டாவது மாட்டோட போச்சு. மூணாவது வீட்டோடதான் போகும். ஏலத்துக்குப் போக மாட்டேன்னு விளக்கைத் தொட்டுச் சொல்லுங்க."

செட்டியார் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தார். விளக்கு சுடவில்லை. சுட்டிருக்கலாம், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பு ஊற்றினால் ரசம் என்பார். ரசம் ஊற்றினால் மோர் என்பார். மோர் ஊற்றினால் கை கழுவி எழுந்துவிடுவார். உலகம்மை பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஏலத்தன்று காலையில் செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டார். "தோணி ஒழுகாம இருக்கக் கீல் பூசுறாங்க. ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க. எனக்கும் அக்கா வீட்டுல காதுகுத்து. வர நேரமாகும்" என்றாள் உலகம்மை.

நல்லதாகப் போயிற்று என்று செட்டியார் தெருவில் இறங்கினார். கால் ஏலக்கொட்டகைப் பக்கம் தானாகத் திரும்பியது.

தோணி என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். முகப்பில் மயில் செதுக்கிய தோணி. உலகம்மைக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. மலைக்கரையிலிருந்து மிளகு அதில்தான் வரும். செட்டியார் வீட்டு அடுப்பும், துடுப்புப் போடும் எட்டுப் பேர் வீட்டு அடுப்பும் அந்த ஒரு தோணியை நம்பித்தான் எரிந்தன.

அந்த ஊர் ஏலத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்பெல்லாம் எல்லாரும் முகம் பார்த்து உட்கார்ந்துதான் ஏலம் கேட்பார்கள். ஒருமுறை ஆத்திரத்தில் ஒரு வியாபாரி இன்னொருவர் காதைக் கடித்துவிட்டார். சும்மா இல்லை, கொஞ்சம் வாயோடு வந்துவிட்டது! அதிலிருந்து ஆளுக்கொரு பாய்மறைப்பு. தலையில் முக்காடு போட்டு, ஒவ்வொருவராக வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ள வேண்டும். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஏலக்காரர் மீரான் மரைக்காயர் கையில் சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு மறைப்பு மறைப்பாக வருவார். துண்டுக்குள் கையை நீட்டி அவர் கையில் விரலைப் பதிக்க வேண்டும். ஒரு விரலுக்கு ஒரு பொதி மிளகு ஏறும். பதித்த விரலைத் திரும்ப எடுக்க முடியாது. மரைக்காயர் விலையை மட்டும் கூவுவார், ஆளைச் சொல்ல மாட்டார். தட்டில் சூடம் எரியும். அது அணைவதற்குள் யாரும் மேலே கேட்காவிட்டால், கடைசியாக விரல் கொடுத்தவருக்குப் பொருள்.

சூடம் ஏற்றினார்கள்.

"ஒரு பொதி!" என்றார் மரைக்காயர். "ரெண்டு பொதி! மூணு பொதி!" செட்டியார் விரலை நீட்டத் தயாராவதற்குள், "நாலு பொதி!"

"செம்புக்கு நாலு பொதியா? நான் மூணோட சரி. எனக்கென்ன பைத்தியமா!" என்று கத்திக்கொண்டே ஒரு குதிரை வியாபாரி வெளியேறினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். மிச்சம் இரண்டே மறைப்பு: கிழக்கே செட்டியார், மேற்கே யாரோ.

ஒரு விரல்தானே என்று செட்டியார் பதித்தார். அந்த யாரோ விடவில்லை. ஏறி ஏறி, கிடங்கில் கிடந்த மிளகெல்லாம் போயிற்று.

ஒரு விரல்தானே என்று மறுபடி பதித்தார். அந்த யாரோ விடவில்லை. அடுத்த விளைச்சல் மிளகும் போயிற்று.

ஒரு விரல்தானே என்று மூன்றாம் முறையும் பதித்தார். பதித்த பிறகுதான் கணக்குப் பார்த்தார். இனிமேல் விற்க மிளகு இல்லை, தோணிதான் இருக்கிறது. 'அட கடவுளே, என்ன காரியம் செய்தேன்! அந்தப் பயல் இன்னும் ஒரு விரல் ஏற்றித் தொலைக்க மாட்டானா' என்று வேண்டிக்கொண்டார். அவன் ஏற்றினான். அப்போதாவது எழுந்து ஓடியிருக்க வேண்டாமா மனிதர்? ஓடவில்லை. துண்டு வந்தது, விரல் போயிற்று.

மரைக்காயர் கையை உயர்த்தினார். "இதுக்கு மேல வெறும் விரல் செல்லாது. ரெண்டு பேரும் ஈடு என்னன்னு என் காதுல சொல்லணும்."

கிழக்கு மறைப்புக்கு வந்து காதைக் கொடுத்தார். செட்டியார் மெல்லச் சொன்னார். மேற்கு மறைப்புக்குப் போய்க் காதைக் கொடுத்தார். அங்கேயும் ஏதோ சொன்னார்கள். மரைக்காயர் கொட்டகை நடுவில் வந்து நின்று தாடியைச் சொறிந்தார்.

"கிழக்குல சொன்ன ஈடு மயில்முகத் தோணி. மேற்குல சொன்ன ஈடு..." ஒருமுறை செருமிக்கொண்டார். "அதே மயில்முகத் தோணி!"

செட்டியாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பாயைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். "எவன்டா அந்தத் திருட்டுப் பய? என் தோணியை ஈடு வைக்க அவன் யாரு?"

"உன் தோணியா? எங்கப்பா எனக்குக் குடுத்த தோணிடா அது!" என்று மேற்கு மறைப்பு அலறியது.

செட்டியார் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்ட குரல் அது. பாய் விலகியது. முக்காட்டோடு உலகம்மை நின்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கீல் பூசியாச்சா?" என்றாள் அவள்.

"காது குத்தியாச்சா?" என்றார் அவர்.

கொட்டகையே சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. உலகம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. "சத்தியம் பண்ணினதிலிருந்து நீங்க ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடலை. ஆசையை அடக்கிக்கிட்டுச் சொன்ன சொல்லைக் காப்பாத்துறாரே மனுஷன், நாமளே வாங்கிக் குடுப்போம்னு வந்தேன். என் சேமிப்பு மிளகு நாலு பொதி இருந்தது. அதோட திரும்பிடத்தான் நினைச்சேன். யாரோ ஒரு பாவி உங்க ஆசையைப் பிடுங்கறானேன்னு ஆத்திரம் வந்துட்டுது."

"அந்தப் பாவி நான்தான் உலகம்மை" என்றார் செட்டியார். ஊர் பார்க்கிறது என்றுகூட நினைக்காமல் அழுதார்.

ஆனால் பதித்த விரல் பதித்ததுதானே? தோணி போனது போனதுதானே? எல்லாரும் மரைக்காயரைப் பார்த்தார்கள். விலை ஏற ஏற அவருக்கும் கூலி ஏறும். வாயை மூடிக்கொண்டு அவர் சும்மா இருந்திருந்தால், அன்றே ஒரு மாடிவீடு கட்டத் தொடங்கியிருக்கலாம்.

மரைக்காயர் சூடத்தைக் கையால் அமர்த்தினார். "ஒரு வீட்டுக்கு ஒரு கைதான். அதுதான் இந்தக் கொட்டகை வழக்கம். ஒரே வீட்டுக் கை ரெண்டு ஏறினது ஏலம் இல்லை, குடும்பச் சண்டை. அதுக்கு நான் கூலி வாங்கறதில்லை. வெளியாள் கேட்ட கடைசி விலை மூணு பொதி. அதுக்கு மேல நாலாவது பொதிக்கு விரல் குடுத்தது ஆச்சி. காசு ஆச்சிக்கு. என்னப்பா மாலுமி, சம்மதமா?"

ஒரு பொதி கிடைத்தாலே போதும் என்று வந்தவன் அந்த மாலுமி. நாலு பொதி என்றதும் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான்.

அப்பாடா! செட்டியார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் ஏற்றி வைத்த மிளகுப் பொதியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது போலிருந்தது.

இருவரும் கடற்கரை வழியாக வீட்டுக்குத் திரும்பினார்கள். மயில்முகத் தோணி அலையில் ஆடிக்கொண்டு நின்றது. துடுப்புக்காரர்கள் எட்டுப் பேரும் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "வாங்க செட்டியாரே, கஞ்சி குடிக்கிறீங்களா?" என்றார்கள். செட்டியார் தண்ணீரில் இறங்கி மயில் முகத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு வந்து இரண்டு சட்டிக் கஞ்சி குடித்தார்.

உலகம்மை சுருக்குப்பையிலிருந்து காசை எடுத்தாள். அவர் கை நீட்டவில்லை.

"உன் காசு. நீயே வெச்சுக்கோ."

"கேட்டாத் தருவேன். ஆனா வாயைத் திறந்து கேட்கணும்."

செட்டியார் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். "உலகம்மை, எனக்கு அந்தக் காசு மேல ரொம்ப ஆசை. தரியா?"

"இதை அன்னைக்கே விளக்கு முன்னாடி சொல்லியிருந்தா என்னவாம்?" என்று சொல்லி, அவர் உள்ளங்கையில் காசை வைத்தாள். கை தாழ்ந்தது. இரண்டு கீரிகள் நடுவில் வட்டமாக ஏதோ ஒன்றோடு நின்றன.

"இதுங்க சண்டை போடுதுன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அவர்.

"நல்லாப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து அதைக் கீழே விழாமப் பிடிச்சிருக்குதுங்க" என்றாள் அவள்.

செட்டியார் அதற்குப் பிறகும் காசு சேர்த்தார். கிறுக்கு எங்கே போகும்? ஆனால் ஒவ்வொரு ஏலத்துக்கும் இருவரும் ஒரே மறைப்பில்தான் உட்கார்ந்தார்கள், ஒரே கையைத்தான் நீட்டினார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே வீட்டில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் மனதை மறைத்தால், தங்கள் பொருளைத் தாங்களே ஏலத்தில் ஏற்றிவிடுவார்கள்.