சர்வருக்கு அனுமதி வாங்கிய வரலாறு

அம்பாசமுத்திரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் 'பந்தக்கால் திருமணத் தகவல் மையம்' நடந்து வந்தது. அதில் நாங்கள் மூன்று பேர். ஊருக்குள் யாரிடமாவது "அந்த மாடிக்காரங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டால், முதலில் சிரிப்பார்கள், பிறகு வழி சொல்வார்கள்.

முதலாளி சிவசைலம் அண்ணாச்சி. எந்தக் காரியத்தையும் தீர யோசித்த பிறகுதான் தப்பாகச் செய்வார். அடுத்து சங்கரவடிவு அக்கா. சொன்ன சொல்லை எழுத்து மாறாமல் நிறைவேற்றுவது அவர் குணம். எதிர்முனையில் யாராவது "போனை வைங்க" என்றால், "மேஜையிலயா, ஜன்னல்லயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். மூன்றாவது ஆள் நான், ஆவுடையப்பன். கம்ப்யூட்டர் என் பொறுப்பு. தகுதி என்னவென்றால், மூவரில் எனக்குத்தான் மூக்குக்கண்ணாடி இல்லை.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரன் விழா நடத்துவதாக அண்ணாச்சி சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டிவிட்டார். மண்டபத்தில் பெரிய திரை வைத்து, மாப்பிள்ளை பெண் விவரங்களைப் படத்தோடு காட்டுவதாக ஏற்பாடு. விவரம் எல்லாவற்றையும் தூத்துக்குடியில் உள்ள ஒரு மையம் ஒரே ஃபைலாக அனுப்பியிருந்தது. அதை எங்கள் டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்றால், மேஜைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டியில். சென்னையிலிருந்து ரெக்ஸ் என்ற தம்பி வந்து மாட்டிவிட்டுப் போனது. நாங்கள் அதை 'பெட்டி' என்போம். அக்கா வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் குங்குமம் வைப்பார்.

வியாழக்கிழமை காலையில் ஃபைலை ஏற்றினேன். ஏறவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னேன்: "சர்வருக்கு இந்த ஃபைலைப் படிக்க அனுமதி இல்லை."

அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கினார். "எந்த சர்வர்?"

"பேரு போடல, அண்ணாச்சி. வெறும் சர்வர்னுதான் இருக்கு."

"நம்ம அம்பையில நமக்குத் தெரிஞ்ச சர்வர் யாருல இருக்கா?"

மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். எதிர்த்த மெஸ்ஸில் தளவாய் ஒரே கையில் நாலு தோசைத் தட்டை அடுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"தளவாயா!" என்றார் அக்கா. "பாவம், அவனுக்கு அனுமதி இல்லன்னு கம்ப்யூட்டரே வருத்தப்படுது பாருங்க."

எதையும் விசாரிக்காமல் செய்யக் கூடாது என்று அண்ணாச்சி ரெக்ஸுக்குப் போன் போட்டார். ரெக்ஸ் எப்போதும் இரண்டு போனில் பேசுகிற ஆள். எங்களுக்குக் கிடைப்பது ஒரு காது.

"அது ஒண்ணும் இல்ல சார். சர்வருக்குப் படிக்கிறதுக்கு பர்மிஷன் குடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நேரே மெஸ் முதலாளியிடம் போனோம். "உங்க சர்வருக்குப் படிக்கிறதுக்கு பர்மிஷன் வேணும்" என்றார் அண்ணாச்சி.

மெஸ் முதலாளி கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். "படிக்கவா? நம்ம தளவாயா?" கண் கலங்கியது மனிதருக்கு. "நான்தான் படிக்கல. அவனாவது படிக்கட்டும். மத்தியானக் கூட்டம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க."

தளவாய்க்கு முப்பது வயது இருக்கும். நல்ல உயரம், அதைவிட நல்ல தொண்டை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னால் பழக்கம் இல்லை என்று நின்றுகொண்டான். ஃபைலைத் திறந்து காட்டினேன். அடுக்களைக்குச் சொல்லுகிற அதே குரலில் படிக்க ஆரம்பித்தான்.

"ஒரு பி.காம்! கும்ப ராசி! செவ்வாய் இல்லாம!"

கீழே ஜவுளிக்கடையில் துணி கிழித்தவர் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு வாத்தியார்! ஒண்ணு மீசையோட! ஒரு டாக்டர், நிலபுலம் தனியா!"

அப்படியே போய், "ஒரு ஆவுடையப்பன்! முப்பத்தொன்பது! சொத்து இல்லாம, முடி கம்மியா, அம்மாவோட சேர்த்து!" என்று, தூத்துக்குடி மையத்தில் அம்மா பதிந்து வைத்திருந்த என்னையும் படித்தான். எனக்கும் பெண் தேடுகிறார்கள் என்று அன்றைக்கு பஜாருக்கே தெரிந்துபோனது. ஒருவரும் வாங்க வரவில்லை.

சாயங்காலம் படித்து முடித்தான். நான் மறுபடி ஏற்றினேன். மறுபடி அதே சிவப்பு வரி.

"முழுசாத்தான படிச்ச?" என்று அண்ணாச்சி தளவாயைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஒரு எழுத்து விடல, அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை மறுபடி ரெக்ஸ். இந்தத் தடவை என்னிடம் பேசினான். "ஃபைல் இப்ப எங்க சார் இருக்கு?"

"என்கிட்டதான் தம்பி, பத்திரமா."

"அதான் தப்பு. ஃபைல் உங்ககிட்ட இருந்தா எப்படிப் படிக்கும்? சர்வர்கிட்ட இருக்கணும் சார்."

நியாயமாகப் பட்டது. ஃபைலை பென் டிரைவில் போட்டு, தளவாயின் சட்டைப்பையில் வைத்தோம். அவன் குனிந்து சாம்பார் ஊற்றும்போது அது வாளிக்குள் விழுந்துவிட்டது. அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் பென் டிரைவைக் கடித்துச் சப்பி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, "காய் முத்தல்" என்று மட்டும் சொன்னார். அக்கா அதைக் கழுவித் துடைத்து மொட்டை மாடியில் வடகத்தோடு காயவைத்தார்.

எதற்கும் என்று ரெக்ஸிடம் நிலவரத்தைச் சொன்னோம். சாம்பாரைச் சொல்லவில்லை.

"சார், ஃபைலுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்தாப் பத்தாது. அதுக்கு மேல உள்ள பேரண்ட் இருக்குல்ல, அதுக்கும் வேணும். வழியில ஒரு இடத்துல பர்மிஷன் இல்லன்னாலும் உள்ள போகாது."

"பேரண்ட்னா அப்பா அம்மால்லா?" என்று கேட்டார் அக்கா. "அவன் சொல்லுததும் சரிதான். பெத்தவங்கள ஒரு வார்த்தை கேக்காம நாமளா படிக்க வச்சா எப்படி?"

தளவாயின் ஊரான கல்லிடைக்குறிச்சிக்குப் போனோம். வழியில் ஒரு இடமும் விடக் கூடாது என்பதால், பாலத்துப் போலீஸ்காரரிடம், ரயில்வே கேட்காரரிடம், தெருமுனையில் படுத்திருந்த மாட்டின் சொந்தக்காரரிடம் எல்லாம் "தளவாய் படிக்கலாமா?" என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டே போனோம். யாரும் மறுக்கவில்லை. மாட்டுக்காரர் மட்டும் "எந்தத் தளவாய்?" என்றார்.

தளவாயின் அம்மா எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒம்பதாங் கிளாஸ்ல ஓடுன பய. அவனப் படிக்க வச்சிட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்க."

திரும்பி வந்து ஏற்றினேன். சிவப்பு வரி.

சனிக்கிழமை காலை. மறுநாள் விழா. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ரெக்ஸும் பொறுமையிழந்துவிட்டான்.

"சார், கடைசியா ஒண்ணு. எல்லாத்துக்கும் ஏழு ஏழு ஏழு குடுத்துப் பாருங்க. யாரு வேணும்னாலும் திறந்துக்கலாங்கிறதால செக்யூரிட்டிக்கு நல்லதில்ல. ஆனா சும்மா டெஸ்டுக்குக் குடுக்கலாம்."

போனை வைத்ததும் ஆலோசனை நடந்தது.

"ஏழு ஏழு ஏழுன்னா என்னவே?" என்றார் அண்ணாச்சி.

"சர்வருக்குக் குடுக்கணும்னா வேற என்ன?" என்றார் அக்கா. "ஏழு இட்லி, ஏழு வடை, ஏழு காபி."

"செக்யூரிட்டிக்கு நல்லதில்லன்னு சொன்னானே?"

ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற செக்யூரிட்டி தாத்தாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

தளவாயை இலை போட்டு உட்கார வைத்து, மூன்று பேரும் பரிமாறினோம். அஞ்சாவது வடையில் அவன் அழுதுவிட்டான். "இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தர் உக்கார வச்சுப் பரிமாறுனதில்ல, அண்ணாச்சி." ஏழாவது காபி முடிந்ததும் எங்கள் பெஞ்சில் சாய்ந்தவன் சாய்ந்தவன்தான்.

ரெக்ஸே போன் செய்தான். "என்ன சார் ஆச்சு?"

"சர்வர் கவுந்துட்டான் தம்பி" என்றேன்.

"டவுனா? ஐயோ! உடனே ரீஸ்டார்ட் பண்ணுங்க!"

"பண்ணியாச்சு. அக்கா ஒரு செம்புத் தண்ணியை ஊத்துனாங்க."

"சர்வர் மேல தண்ணி ஊத்துனீங்களா?"

"மூஞ்சில மட்டும்தான்."

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. போன் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவையில் பெண்கள், புதுச் சட்டையில் பையன்கள், கையில் ஜாதகத்தோடு பெற்றோர். பெரிய திரையில் அந்த ஒரு சிவப்பு வரி மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. சிலர் அதை மங்கல வாழ்த்து என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தூக்கினார், உட்காருவதற்கு அல்ல.

அண்ணாச்சி தளவாயை மேடைக்குத் தள்ளினார். "படிச்சவன் நீ ஒருத்தன்தான். போ!"

தளவாய் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மேடையேறி, "யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

கூட்டம் ஒரு நிமிஷம் முழித்தது. பிறகு ஒருவர், "இங்க ஒரு என்ஜினியர், குடி இல்லாம!" என்றார்.

"ஒரு என்ஜினியர்! குடி இல்லாம!" என்று கூவிவிட்டு இறங்கி ஓடினான். அவ்வளவுதான், நாலா பக்கமும் ஆர்டர் பறந்தது. பாதி வரன்களை இடம் மாற்றிக் கொடுத்தான். டாக்டர் கேட்டவருக்கு வாத்தியார் போனார்; வாத்தியார் கேட்டவருக்கு வக்கீல். மாறி வந்த தோசையைத் திருப்பி அனுப்ப மனசு வராதது போல, வந்தது வரட்டும் என்று எல்லோரும் பேச உட்கார்ந்துவிட்டார்கள். என்னை மட்டும் இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போது வீரவநல்லூர்க்காரர் ஒருவர் அக்காவிடம் வந்தார். தறி வைத்திருப்பவர். பக்கத்தில் அவர் மகள் உமையாள்.

"அந்தச் சத்தம் போடுத பையன் என்ன படிச்சிருக்காரு?"

"வியாழக்கிழமை ஒரே மூச்சுல அம்புட்டையும் படிச்சான்" என்றார் அக்கா. "போலீஸ்ல கூட பர்மிஷன் வாங்கியாச்சு."

"வேலை?"

"சர்வர்."

"ஓ, கம்ப்யூட்டர் லைனா?" என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

உமையாள் சிரித்துவிட்டாள். "அப்பா, பஸ் ஸ்டாண்டுப் பின்னால உள்ள மெஸ்ல தோசை கொண்டு வருதவரு. போன வாரம் நமக்குச் சட்னி ஊத்துனாருல்லா. எனக்குச் சம்மதம். கேட்டது வராட்டியும் சூடா வருது."

அங்கேயே பூ வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ரெக்ஸ் போன் செய்தான். "சார், சர்வர் உயிரோட இருக்கா? கனெக்ட் ஆச்சா?"

"ஆச்சு தம்பி" என்றார் அண்ணாச்சி. "வீரவநல்லூர். நல்ல குடும்பம்."

"அப்ப ஃபைல்? ஏறிச்சா?"

"அது எப்படி ஏறும்? இனிமே அவன் எதைப் படிக்கணும்னாலும் பர்மிஷன் அந்தப் பொண்ணுல்லா குடுக்கணும்."

எதிர்முனையில் அழுகையா சிரிப்பா என்று புரியாத ஒரு சத்தம் கேட்டது. எங்களுக்கு நின்று கேட்க நேரமில்லை. நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அக்கா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்து நடுவில் பென் டிரைவை வைத்தார். பெட்டிக்குப் புது வேட்டி சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். வீரவநல்லூருக்கு ஆட்டோ கிளம்பியது.